வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாக எழுதாததால் அறிவியல் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணை இழந்தான். பேச்சு வழக்கில் இரண்டும் 'சூடு'தானே? ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களை வைத்துப் பிள்ளைகளை வதைப்பது ஏன்? தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பகலில் மணல் காலைச் சுடுகிறது, கடல்நீர் குளிர்ந்திருக்கிறது. மணல் வெப்பத்தை அதிகம் வாங்குகிறது, நீர் குறைவாக வாங்குகிறது என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: போதாது. இரண்டையும் ஒன்றென்று கொண்டால் எவ்வளவு தவறான முடிவுக்குப் போய்ச் சேர்வோம் என்பதற்கு நீங்கள் தந்திருக்கும் எடுத்துக்காட்டே சான்று. தேவனாம்பட்டினத்து நண்பகலில் சூரிய ஆற்றலை மிகுதியாக வாங்குவது மணல் அன்று, கடல்தான். சூரியன் உச்சியில் இருக்கும்போது கடற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறிய பங்கையே திருப்பி அனுப்புகிறது. காய்ந்த மணலோ அதைப்போல் பல மடங்கைத் திருப்பிவிடுகிறது. ஆகவே குறைவாக வாங்கிய மணல் சுடுகிறது, அதிகம் வாங்கிய நீர் குளிர்ந்திருக்கிறது. 'சூடு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவீர்கள்?

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.18 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிராம் மணலுக்கு ஏறத்தாழ 0.8 ஜூல் போதும். பாடநூல் இதைத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறது. அதோடு, மணல் வாங்கிய ஆற்றல் முழுவதும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. சுடுகின்ற அதே இடத்தில் ஒரு சாண் தோண்டிக் கையை வைத்துப் பார்த்தால் மணல் குளிர்ந்திருப்பதை உங்கள் மகனே உணர்வான். கடலிலோ ஒளி பல மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது, அலைகள் மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன, ஆவியாகும் நீரும் ஆற்றலின் ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது. பெருந்தொகை பெரும் நீரில் பங்கிடப்படுவதால் வெப்பநிலை சிறிதே உயர்கிறது.

வெப்பநிலை என்ற சொல்லில் உள்ள 'நிலை'யைக் கவனியுங்கள். உங்கள் மாவட்டத்து வீராணம் ஏரியின் நீர்மட்டம் 47.5 அடி என்று நாளிதழில் படிக்கும்போது, அது மட்டத்தைச் சொல்கிறதே தவிர ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த அளவைக் கன அடியில் தனியே தருகிறார்கள். ஏரிக்கரையின் மேல் ஒரு குடம் நீரை வைத்துக் குழாய் இணைத்தால், குடத்திலிருந்து ஏரிக்கு நீர் இறங்குமே தவிர, ஏரியில் நீர் மிகுதி என்பதற்காக அது குடத்துக்கு ஏறிவராது. கொல்லர் பட்டறையில் பழுத்த ஆணி ஒன்றைத் தொட்டி நீரில் போடும்போது நடப்பதும் இதுதான். தொட்டி நீர் முழுவதிலும் பொதிந்துள்ள ஆற்றல் ஆணியில் உள்ளதைவிட மிக அதிகம். ஆயினும் வெப்பம் ஆணியிலிருந்து நீருக்கே செல்கிறது, ஏனெனில் செல்லும் திசையைத் தீர்மானிப்பது வெப்பநிலை. நுட்பமாகச் சொன்னால், பொருளுக்குள் இருப்பதன் பெயர் அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும்போதுதான் வெப்பம் எனப்படுகிறது. விழும்வரைதான் மழை, ஏரியில் சேர்ந்தபின் அது ஏரிநீர்.

இன்னும் ஐயம் இருந்தால் இட்லிப் பானையைப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய கடலூரில் நீர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. கொதி வந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பமானி 100-ஐத் தாண்டுவதில்லை. நீர் விரைவாக வற்றுமே அன்றி அதன் வெப்பநிலை உயராது. அடுப்பு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை அசையவில்லை. இரண்டும் ஒன்றாயின் இது நடக்கவே கூடாது. கொடுத்த வெப்பமெல்லாம் நீரை ஆவியாக மாற்றுவதில் செலவாகிறது: 1 கிராமுக்கு ஏறத்தாழ 2,260 ஜூல், அதாவது அதே நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிவரை சூடேற்றத் தேவையானதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். மூடியைத் திறக்கும்போது கையில் படும் நீராவி கொதிநீரைவிடக் கடுமையாகப் புண்ணாக்குவது, கையில் பட்டு மீண்டும் நீராகும்போது அந்த உள்ளுறை வெப்பத்தை அது தோலிடம் விட்டுவிடுவதால்தான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன்களுக்கு இடையே உடைத்த ஐஸைப் போடுவதற்கும் இதே கணக்குதான் அடிப்படை: 0 டிகிரியில் உள்ள 1 கிலோ ஐஸ், தன் வெப்பநிலை சிறிதும் உயராமல், உருகுவதற்காக மட்டுமே 334 கிலோஜூலை மீனிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வாங்கிக்கொள்கிறது. வெறும் குளிர்ந்த நீரால் இது இயலாது.

உங்கள் மகன் தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபாரன்ஹீட் 1714-இல் பாதரச வெப்பமானியை உருவாக்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பிறகே, கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் பனிக்கட்டி உருகுவதை அளந்து, வெப்பத்தின் அளவு வேறு, வெப்பமானி காட்டுவது வேறு என்று தெளிவுபடுத்தினார். என் வருத்தமெல்லாம், அவ்வளவு உழைப்பில் கிடைத்த வேறுபாட்டை, 'வெப்பத்தின் அலகு ஜூல், வெப்பநிலையின் அலகு கெல்வின்' என்று இரண்டு பத்தி அட்டவணையாக்கிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோமே என்பதுதான். நாளிதழ்களும் கோடையில் '104 டிகிரி வெப்பம்' என்று எழுதிக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. வெப்பநிலை என்று எழுத ஒரே ஓர் எழுத்துதான் கூடுதலாகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மகனும் ஒரே பாத்திரத்தில், ஒரே தீயில், முதலில் அரை லிட்டர் நீரையும், பாத்திரம் ஆறியபின் ஒரு லிட்டர் நீரையும் மூன்று மூன்று நிமிடம் வைத்து அளந்து பாருங்கள். வாங்கிய வெப்பம் ஏறத்தாழ ஒன்று. வெப்பநிலை உயர்வு இரண்டாம் முறை பாதி அளவே இருக்கும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது 42 டிகிரி வரைக்குமே ஆனது. 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானியைப் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.