பேர் பழசு, சைக்கிள் புதுசு

கேள்வி: எழுபதுகளின் பந்தயப் படங்களில் பார்த்து ஏங்கிய ஓர் ஐரோப்பிய ரோடு பைக் பெயர், பல வருடம் காணாமல் போயிருந்து இப்போது திரும்பி வந்திருக்கிறது. அதே எழுத்து, அதே நிறம், விளம்பரத்தில் அதே கறுப்பு-வெள்ளைப் படங்கள். இதே பாகங்கள் கொண்ட வேறு சைக்கிள்களைவிட விலை கூடுதல். பாரம்பரியத்துக்காக அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பணம் யாரிடம் போகிறது என்று முதலில் பாருங்கள். சைக்கிள் கம்பெனி ஒன்று நொடித்துப்போனால் கட்டடம் ஒருவருக்கு, இயந்திரங்கள் இன்னொருவருக்கு என்று போய்விடும். குழாய்களைப் பற்றவைத்துப் பழகிய கைகள் பிழைப்புக்கு வேறு இடம் தேடும். பெயர் மட்டும் வணிகமுத்திரையாகப் பதிவேட்டில் கிடந்து, இருபது வருடம் கழித்துக்கூட யாருக்காவது விலைபோகும். வாங்குகிறவருக்குச் சட்டப்படி கிடைப்பது பெயரும் சின்னமும்தான். அதன்பிறகு அவர் ஒரு பட்டறையை எழுப்புகிறாரா, ஏதோ ஒரு தொழிற்சாலையின் தயார் ஃபிரேமில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஷ்வின் கதையைப் பாருங்கள். 1895-ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. 1938-லிருந்து 'பாராமவுண்ட்' என்ற பெயரில் உயர்தரப் பந்தய சைக்கிள் செய்தது. 1992-ல் திவால். பெயர் முதலீட்டாளர்களிடம் போனது. பாராமவுண்ட் ஃபிரேம்கள் உருவான விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்ஃபோர்டு பட்டறையோ நிறுவனரின் கொள்ளுப்பேரன் ரிச்சர்ட் ஷ்வின்னிடமும் அவருடைய கூட்டாளியிடமும் வந்தது. பெயர் கைவிட்டுப் போனதால் ஊர்ப் பெயரையே சூட்டி 2023 வரை கையால் ஃபிரேம் கட்டினார்கள். ஷ்வின் பெயர் 2001-ல் மறுபடி திவாலாகி, கைமாறி, பல்பொருள் அங்காடிகளின் மலிவு அடுக்குக்கு இறங்கியது. அந்த வருடங்களில் பாராமவுண்டின் கைவேலை வேண்டும் என்று தேடிப் போனவர், பெரும்பாலும் ஷ்வின் என்று எழுதாத சைக்கிளைத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறு விலியேர் ட்ரியெஸ்தினா. 1906-ல் இத்தாலியின் பஸ்ஸானோ தெல் கிராப்பாவில் பிறந்தது. 1948-ல் ஃபியோரென்சோ மாஞ்ஞி இதன் மேல் இத்தாலியைச் சுற்றும் 'ஜீரோ தி இத்தாலியா' பந்தயத்தை வென்றார். 1952-ல் மூடிவிட்டார்கள். 17 வருடம் கழித்து, 1969-ல், கஸ்தல்தெல்லோ சகோதரர்கள் பெயரை வாங்கினார்கள். வாங்கியவர்கள் அதை வைத்துச் சும்மா வாடகை தின்னவில்லை; அதே வட்டாரத்தில் சைக்கிள் செய்தார்கள். இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி 1997 டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில் ஆல்ப் துவேஸ் மலையில் பறந்தது விலியேர் மேல்தான். இன்றைக்கும் பெரிய பந்தயங்களில் ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் இந்தப் பெயரின் பெருமையில் பெரும்பங்கு மீண்டு வந்த பிறகு சம்பாதித்தது. மாஞ்ஞியின் கதையை அழித்துவிட்டாலும் சைக்கிள் தன் காலில் நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில் மாஸி. மிலானில் விகொரெல்லி ஓட்டத்திடலின் கீழே ஃபாலியெரோ மாஸியின் சின்னப் பட்டறை. எழுபதுகளில் பெயரின் உரிமை அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, கலிஃபோர்னியாவில் தயாரிப்பு தொடங்கியது. மகன் ஆல்பெர்ட்டோ மிலான் பட்டறையிலேயே இருந்து வேலையைத் தொடர்ந்தார். ஒரே குடும்பப் பெயருக்கு இரண்டு வழி. அமெரிக்க வழியில் வரும் சைக்கிள்கள் மோசமில்லை. ஆனால் விகொரெல்லியின் கதையைச் சொல்லி அதற்குக் கூடுதல் விலை கேட்டால் கையை இறுக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யக்கூடியது இது: கியர் செட், சக்கரம், பிரேக் எல்லாம் அதே தரத்தில் உள்ள, கதை எதுவும் சொல்லாத இரண்டு சைக்கிள்களின் விலையை எடுத்துக்கொள்வேன். உங்கள் கனவுப் பெயர் அவற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் என்றால் ஆசைக்குக் கொடுக்கலாம்; ஆசைக்கும் ஒரு விலை உண்டு. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றால், ஃபிரேமில் அதற்கான காரணத்தை விற்பவர் காட்ட வேண்டும்.

கேள்வி: இவ்வளவு கறாராகப் பார்க்கிறீர்களே, அந்தக் காலத்தில் மட்டும் ஸ்டிக்கரும் சைக்கிளும் ஒன்றாகவா இருந்தன?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இருக்கவில்லை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25-ல் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அந்த சைக்கிளைக் கட்டியவர் இத்தாலியின் எர்னெஸ்தோ கொல்னாகோ. எடை 6 கிலோவுக்கும் குறைவு. ஆனால் ஃபிரேமில் ஒட்டியிருந்த பெயர் வின்ட்சர், ஒரு மெக்சிகோ கம்பெனி. இன்று அதே வின்ட்சர் பெயரை இணையத்தில் மலிவு விலை சைக்கிள்களில் பார்க்கலாம். அன்றைக்கே அந்த சைக்கிளுக்கும் அந்தப் பெயருக்கும் உறவு ஸ்டிக்கர் அளவுக்குத்தான்.

பிரிட்டனின் ராலே கம்பெனி இன்னோர் உதாரணம். யோப் சூட்டமெல்க் 1980-ல் டூர் டி ஃபிரான்ஸ் வென்றது டி.ஐ.-ராலே அணிக்காக. அந்த அணியின் ஃபிரேம்கள் இல்கெஸ்டன் என்ற ஊரில் ஒரு தனிப்பிரிவில், சில கைவினைஞர்கள் கட்டியவை. கடையில் அதே சிவப்பு-கறுப்பு-மஞ்சளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நாட்டிங்ஹாம் பெருந்தொழிற்சாலையிலிருந்து வந்தவை. குழாயும் வேறு, எடையும் வேறு. ஆக, 'என் மாமா வைத்திருந்தார், அப்படி ஓடும்' என்று யாராவது சொன்னால், எந்த மாடல் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

கேள்வி: பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரருக்கே தெரியவில்லை.

பதில்: கம்பெனியின் இணையதளத்தில் 'எங்கள் வரலாறு' பக்கத்தைத் திறந்து வருடங்களை மட்டும் படியுங்கள். 1950, 1964, 1978 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 2015-க்குத் தாவினால், அந்த இடைவெளியில்தான் உண்மைக் கதை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தளத்தில் வணிகமுத்திரைகளை இலவசமாகத் தேடலாம். உரிமையாளர் பெயர் வந்துவிடும். நாட்டுக்கு நாடு உரிமையாளர் வேறாக இருப்பதும் உண்டு. மோட்டோபெக்கான் 1923-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனி. எண்பதுகளில் நொடித்து யமஹாவின் கைக்குப் போய் எம்.பி.கே. என்று பெயர் மாறியது. அமெரிக்காவில் இன்று மோட்டோபெக்கான் என்று விற்பவற்றுக்கும் அந்தப் பிரெஞ்சுத் தொழிற்சாலைக்கும் தொடர்பில்லை.

அடுத்து, வார்த்தைகளைக் கவனியுங்கள். 'இத்தாலியில் வடிவமைத்தது', 'இத்தாலியில் வண்ணம் பூசியது' என்றால் ஃபிரேம் வேறெங்கோ உருவானது என்று பொருள். அதனால் மட்டும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஸ்லோவேனிய வீரர் பொகாச்சார் 2020-ல் டூர் டி ஃபிரான்ஸ் வென்ற கொல்னாகோ கார்பன் மாடல் ஆசியாவில் தயாரானது. இத்தாலியில் கையால் செய்யப்படும் கொல்னாகோவின் சி வரிசை தனி. இடம் பிரச்சினை இல்லை. மறைப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

கார்பன் ஃபிரேம் என்றால் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஹெட் டியூப் (கைப்பிடிக்குக் கீழே உள்ள முன்குழாய்) நீளம், கோணங்கள், செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழல்) நீளம் எல்லா அளவுகளிலும் வேறு இரண்டு பிராண்டுகளோடு மில்லிமீட்டர் மாறாமல் ஒத்துப்போனால், யாரும் வாங்கிக்கொள்ளக்கூடிய பொது அச்சில் வார்த்த ஃபிரேம் என்று சந்தேகிக்கலாம். அப்படியும் அது ஓடும். பாரம்பரிய விலை மட்டும் ஆகாது.

கம்பெனிக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: ஃபிரேமை எந்தத் தொழிற்சாலை செய்தது, சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை ஆயிற்றா, வாரண்டி எத்தனை வருடம், பெயர் கைமாறினால் அதை யார் ஏற்பார்கள். கடைசிக் கேள்வி குதர்க்கமாகத் தோன்றும். எனக்கு நேர்ந்தது இது: மீண்டு வந்த ஒரு பெயரில் ஆசைப்பட்டு வாங்கினேன். மூன்றாம் வருடம் சைக்கிள் சாய்ந்து விழுந்ததில் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தது. உள்ளங்கையில் மறையும் அலுமினியத் துண்டு. அதற்குள் பெயர் இன்னொருவருக்கு விற்கப்பட்டிருந்தது. புதியவர்களிடம் பழைய மாடலின் உதிரிப்பாகம் இல்லை, பதிலும் இல்லை. அதே வடிவத் துண்டு வேறொரு பிராண்டின் உதிரிப்பாகப் பட்டியலில் அகப்படும்வரை ஐந்து வாரம் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. வாங்கும் நாளிலேயே இரண்டு ஹேங்கர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய மாடலை அப்படியே எஃகில் திரும்பச் செய்து விற்கிறார்களே, அதுவாவது அசலா? எஃகு ஃபிரேமின் சுகம் கார்பனில் வராது என்கிறார்கள்.

பதில்: எஃகில் நேர்மையாகச் செய்தவை உண்டு. இத்தாலிய மாடல்களான சினெல்லி சூப்பர்கோர்சாவும் கொல்னாகோ மாஸ்டரும் மீண்டு வந்தவை என்பதைவிட, விடாமல் ஓடியவை. சினெல்லியின் பெயரும் கொலம்பஸ் குழாய் ஆலையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால் குழாய்க்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களிடம் 'ரெனால்ட்ஸ்', 'கொலம்பஸ்' என்ற குழாய்க் கம்பெனிகளின் ஸ்டிக்கரைப் பார்த்தால், மூன்று முக்கியக் குழாய்கள் மட்டுமா, பின்புறத்துக்கும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்ன எழுத்தில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். ரெனால்ட்ஸ் 531 என்பது 1935-ல் வந்த கலவை. லக் (குழாய்கள் சேரும் இடத்தில் மாட்டும் உலோக உறை) வைத்துப் பித்தளையால் பற்றவைக்க ஏற்றது, நேரடி வெல்டிங்கின் சூட்டில் வலு குறையும். 1995-ல் வந்த ரெனால்ட்ஸ் 853 வெல்டிங் செய்த இடத்தில் ஆறும்போது இன்னும் உறுதியாகும். லக் இல்லாத புது ஃபிரேமைக் காட்டி 'பழைய முறையிலேயே கட்டியது' என்றால், பழைய மொந்தையில் புதுக் கள்.

சுகத்தைப் பொறுத்தவரை, அதில் பாதிக்கு மேல் டயரின் அகலமும் காற்றழுத்தமும் என்பது என் அனுபவம். 23 மில்லிமீட்டர் டயரில் எஃகும் முதுகைத் தட்டும். 28 அல்லது 30 நுழைய இடம் இருக்கிறதா என்பதைக் குழாயின் பெயருக்கு முன்னால் கேளுங்கள். எடையில் ஏமாற வேண்டாம்: நல்ல பழைய பாணி எஃகு ஃபிரேம் 2 கிலோவை ஒட்டி வரும், நல்ல கார்பன் ஃபிரேம் 1 கிலோவுக்குள். மேடு ஏறும்போது அது கால்களுக்குத் தெரியும்.

இத்தாலியின் கயோலேயில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா போன்ற பழைய சைக்கிள் ஓட்டங்களுக்காக வாங்குவதாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே 1987-க்கு முந்தைய சைக்கிள்தான் விதி: கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில், பெடலில் வார், பிரேக் வயர் கைப்பிடிக்கு வெளியே. புதிய எஃகு சைக்கிளைக் கொண்டுபோவதற்கு முன் அந்த வருட விதிகளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அசல் பழைய சைக்கிளையே வாங்கிவிட்டால்?

பதில்: பொழுதும் பொறுமையும் இருந்தால் அதுதான் என் விருப்பமும். ஆனால் பழைய பிரெஞ்சு சைக்கிள் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அவற்றின் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) மரை, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மின் அளவு எல்லாம் தனிச் சாதி, ஸ்டெம் 22.0 மில்லிமீட்டர், மற்ற ஊரில் 22.2. அந்த 0.2 உங்களை மாதக்கணக்கில் அலையவைக்கும். இத்தாலியப் பாட்டம் பிராக்கெட்டில் இரண்டு பக்கமும் ஒரே திசை மரை. வலப்பக்கக் கிண்ணம் தானாகத் தளரும் குணம் உண்டு. பின்சக்கர இடைவெளி 126 மில்லிமீட்டர் இருந்தால் இன்றைய 130 சக்கரத்துக்காக எஃகை விரிக்கலாம், தெரிந்த கையிடம் கொடுத்து.

பார்க்கப் போகும்போது கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை, ஹெட் டியூப்பை ஒட்டி விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருக்கம் போல் தட்டுப்பட்டால் முன்னால் எங்கோ மோதிய சைக்கிள். சீட் போஸ்ட்டையும் ஸ்டெம்மையும் உங்கள் கண்முன்னால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். எஃகுக்குள் அலுமினியம் வருடக்கணக்கில் இறுகிப்போனால் எடுப்பது தலைவேதனை. காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: மீண்டு வந்த பெயரில் 'எண்ணிட்ட சிறப்பு வெளியீடு' வாங்கினால் பிற்காலத்தில் விலை ஏறுமா?

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தக் காலத்தில், அந்தப் பட்டறையில் கட்டியதை. புதிதாக வந்ததில் எண்ணைப் பொறித்ததும் அதை விற்கிறவர்தான். ஓட்டப் பிடித்திருந்தால் வாங்கி ஓட்டுங்கள், பெயின்ட் உதிரட்டும்.