குளக்கட்டில் ஒரு சித்திரக் கொப்பி

வணக்கம். ஜனவரிக் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வருகிறேன். அம்மாவின் ஊர் வன்னியில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில். ஐந்து கிழமை லீவு. இந்த முறை மரம், பறவை, குளம் என்று பார்த்து ஒரு சித்திரக் கொப்பியில் கீறி வைக்க ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலால் எதுவும் கீறியதில்லை. நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா? கையில் போன் இருக்க இது எதற்கு என்று கணவர் கேட்கிறார்.
— ஒரு வாசகி, ரொறன்ரோ

அன்புள்ள வாசகிக்கு,

கட்டாயம் கீறுங்கள். போனிலும் எடுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பாலை மரத்தைப் போனில் எடுத்தால் ஒரு மரத்தின் படம் கிடைக்கும், அவ்வளவுதான். அதன் ஒரு கொப்பைக் கீற உட்கார்ந்தால், இலைகள் கொப்பின் நுனியில் கூட்டமாக நிற்பதையும், ஒவ்வோர் இலையின் நுனியும் சற்றே உள்வாங்கியிருப்பதையும் பார்த்தே ஆகவேண்டும். பார்க்காமல் கை நகராது. பிறகு வீரை மரத்துக்குப் போங்கள். அதன் அடிமரம் மேடும் பள்ளமுமாக ஓடும். அதைக் கீறியவர் பிறகு எந்தக் காட்டிலும் வீரையை அடையாளம் காண்பார்.

நாளுக்கு ஒரு பக்கம் வேண்டாம். இதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. அப்படி வைத்தால் தினமும் புதிதாக ஏதாவது தேடி ஓடுவீர்கள். எதையும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டீர்கள். அம்மாவின் ஊரில் ஒரு சின்னக் குளத்தைத் தெரிந்தெடுங்கள். குளக்கட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கீறுங்கள். முத்தையன்கட்டு, இரணைமடு என்ற பெரிய குளங்களையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அங்கே தண்ணீர் பரந்து கிடப்பதால் பறவைகள் புள்ளிகளாகத்தான் தெரியும்.

நீங்கள் வரும் காலம் இதற்கு மிக நல்ல காலம். மாரி மழை ஓய்ந்து, வெயில் திரும்பியிருக்கும். ஐந்து கிழமைக்குள் சின்னக் குளத்தின் தண்ணீர் கரையை விட்டு மெல்ல இறங்கும். இறங்கிய இடத்துச் சேற்றில் கொக்கும் உள்ளானும் இரை தேடும். கட்டுக்கு மறுபுறம் காலபோக நெல் பழுத்து மஞ்சளாகும், வெட்டு மெசின் வரும், அடிக்கட்டையான ஒட்டுத்தாள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு பக்கத்திலும் திகதியைப் போடுங்கள். தண்ணீர் துருசில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகில், எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு கோடும் போடுங்கள். கடைசிக் கிழமையில் அந்தப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

பறவை கீறப் பயப்படவேண்டாம். நீர்க்காகத்தில் தொடங்குங்கள். மூழ்கி எழுந்தபின் பட்ட மரத்தில் ஏறி, நனைந்த சிறகை விரித்துக் காயவிட்டு அசையாமல் நிற்கும். பாம்புத்தாராவும் அப்படித்தான். கொக்கு அசைந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒரே தாளில் நாலைந்து அரைகுறை உருவங்களைத் தொடங்கி வையுங்கள். பழைய நிலைக்கு அது திரும்பும்போது விட்ட கோட்டைத் தொடரலாம். நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவில் இடைவெளி உண்டு, ஆனால் இளம் பறவைக்கு அது இராது. ஆகவே கண்டதைக் கீறுங்கள், கேள்விப்பட்டதை அல்ல.

முடிந்தால் ஒரு நாள் மன்னார்ப் பக்கம் வங்காலைக்கும் போய் வாருங்கள். 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. ஊசிவால் வாத்துகள் அங்கே வரும். உங்களைப் போலவே அவையும் வடக்கின் குளிரை விட்டு வந்தவை.

வெளிச்சம் உங்களைக் குழப்பும். ஜனவரிக் கடைசியில் ரொறன்ரோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 28 பாகை உயரத்தில் நிற்கும். வன்னியில் 60 பாகைக்கும் மேல். அந்த வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், நிறமும் பிழையாகத் தெரியும். காலை ஒன்பதுக்கு முன், அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு போங்கள். நடுப்பகலில் கீறத்தான் வேண்டுமென்றால் மரத்தின் வடக்குப் பக்கம் உட்காருங்கள், நிழல் அங்கேதான் விழும். தடித்த தாள், 2பி பென்சில், ஒரு சின்ன நீர்வர்ணப் பெட்டி போதும். வெயிலில் வர்ணம் சட்டென்று காய்ந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நல்ல காட்சி தெரிகிறது என்று பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்தும், எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்கள் இருக்கின்றன. ஊர்ச்சனம் தினமும் நடக்கும் பாதையே உங்கள் பாதை. தண்ணீர் விளிம்பில் உட்காரவேண்டாம், முதலை இருக்கும். ஆறரைக்குள் இருட்டிவிடும், யானை இறங்கும் பக்கமென்றால் அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுங்கள்.

குளக்கட்டில் உட்கார்ந்தால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். கொப்பியை மூடாதீர்கள். இந்த மரம் என்ன, இது எப்போது காய்க்கும் என்று கேளுங்கள். சொன்னதைப் படத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அம்மாவும் உங்களோடு வருகிறார் என்றால் அவரையும் கட்டுக்குக் கூட்டிப் போங்கள். சின்ன வயதில் அவர் என்ன பழம் பிடுங்கித் தின்றார், எங்கே குளித்தார் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் வரட்டும்.

இலை, விதை எதையும் கொப்பியில் ஒட்டிக் கொண்டுபோகவேண்டாம், கனடா விமான நிலையத்தில் சிக்கல் வரும். இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் அப்படியே பதியும். எந்த மரம் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பட்டையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி.