மஞ்சள் பெட்டி வந்தால் என்ன செய்வது? மென்பொருள் கையெழுத்து பற்றிக் கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கணினிப் பாதுகாப்புக் கேள்விகளில், மென்பொருளின் டிஜிட்டல் கையெழுத்து பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

வள்ளியூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு நேரம் நீலப் பட்டையோடு பெட்டி வருகிறது, ஒரு நேரம் மஞ்சள். இரண்டுக்கும் 'எஸ்' தானே அமுக்குகிறோம், என்ன வித்தியாசம் தம்பி?

பதில்: நிறைய இருக்கிறது ஐயா. நீலத்தில் 'வெரிஃபைட் பப்ளிஷர்' என்று ஒரு பெயர் இருக்கும். அந்த நிறுவனம் தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால், அதாவது ஒரு நீண்ட எண்ணால், கையெழுத்துப் போட்டிருக்கிறது. அது இன்னார்தான் என்று சான்றிதழ் தரும் அமைப்பு விசாரித்திருக்கிறது. அதன் பிறகு நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. மஞ்சள் என்றால், செய்தவர் யாரென்று விண்டோஸால் உறுதி செய்ய முடியவில்லை. நீலமானாலும் பெயரை வாசியுங்கள். பிரிண்டர் டிரைவர் போடும்போது சம்பந்தமில்லாத பெயர் வந்தால் 'நோ' தான்.

அம்பாசமுத்திரம், பிரவுசிங் சென்டர் நடத்துபவர்: அண்ணாச்சி, டவுன்லோட் செய்தால் விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது. அதையே பென்டிரைவில் கொண்டுவந்தால் ஒன்றும் சொல்வதில்லையே?

பதில்: நல்ல கேள்வி. இணையத்திலிருந்து வரும் கோப்பில் பிரவுசர் ஓர் அடையாளம் வைக்கும். அதைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் விழிக்கிறது. பெரும்பாலான பென்டிரைவ்கள் கோப்புகளைச் சேமிக்கும் முறையில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வகை. அங்கே காப்பி செய்ததுமே அந்த அடையாளம் போய்விடும். எச்சரிக்கை வராததால் கோப்பு நல்லது என்று ஆகாது. கடைக்கு வரும் பென்டிரைவ் கோப்புகளை நீங்களே பாருங்கள்: ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்', பெயரைத் தேர்ந்து 'டீடெய்ல்ஸ்'. கையெழுத்து 'ஓகே' என்று வர வேண்டும். பெரிய நிறுவனத்தின் செட்டப் என்று தந்த கோப்பில் அந்தப் பக்கமே இல்லையென்றால் தொடாதீர்கள்.

தென்காசி, கணக்கர்: கணக்கு மென்பொருளுக்கு ஒருவர் கிராக் போட்டுத் தருகிறார். ஆன்டிவைரஸை மட்டும் அணைக்கச் சொல்கிறார்.

பதில்: வேண்டாம் சார். கிராக் என்பதே நிரலை வெட்டி ஒட்டுவதுதான், மூலக் கையெழுத்து அப்போதே உடைந்துபோகிறது. உள்ளே இன்னும் என்ன வைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. அந்தக் கணினியில் உங்கள் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கின்றன.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: கையெழுத்து சரியாக இருந்தால் முழுதாக நம்பலாமா அண்ணா?

பதில்: முழுதாக நம்ப முடியாதும்மா. பத்திரம் பதிவானால் எழுதிக் கொடுத்தவர் யாரென்று தெரியும். நிலத்தில் வில்லங்கம் உண்டா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற விஷநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு நிறுவனங்களின் திருடப்பட்ட சாவிகளால் கையெழுத்திடப்பட்டிருந்தது. 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில் விஷநிரல் நுழைந்தது. நிறுவனத்தின் சொந்தக் கையெழுத்தோடே சுமார் 22 லட்சம் பேருக்குப் போனது. ஆனால் இப்படித் தெரியவந்ததும் சான்றிதழை ரத்து செய்யலாம். கையெழுத்தே இல்லாத கோப்பில் அதற்கும் வழியில்லை.

மேலப்பாளையம், மென்பொருள் எழுதுபவர்: ஜிஎஸ்டிக்கு வாங்கிய டோக்கனால் (டிஜிட்டல் கையெழுத்துக்கான, பென்டிரைவ் போன்ற கருவி) என் நிரலுக்குக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: முடியாது தம்பி. அது ஆவணங்களுக்கானது, நிரலுக்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்டக்ஸ்நெட் மாதிரித் திருட்டு நடக்காதிருக்க, 2023 ஜூன் முதல் அதன் சாவியும் டோக்கன் போன்ற வன்பொருளில்தான் இருக்க வேண்டும். கையெழுத்திடும்போது, எப்போது போட்டீர்கள் என்று காட்டும் நேரமுத்திரையும் சேருங்கள். சான்றிதழ் காலாவதியான பின்னும் பழைய பதிப்பின் கையெழுத்து செல்லும். புதிதில் ஸ்மார்ட்ஸ்கிரீன் கொஞ்ச நாள் எச்சரிக்கலாம். ஆட்கள் பயன்படுத்தப் பயன்படுத்த அது குறையும்.