சக்கரம் இல்லாத ஸ்கேட்போர்டு: கேள்வி பதில்

கனடாவில் ஒன்பது குளிர்காலம் ஸ்கீ, ஸ்கேட் பழுதுபார்க்கும் கடையில் கத்தி தீட்டிக் கழித்தவன் நான். இப்போது குளச்சலில் ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடுகிறேன். பட்டறை மூலையில் கிடந்த என் பழைய பனிப்பலகையை யாரோ பார்த்துவிட்டார்கள், அன்றிலிருந்து கேள்விகள்தான். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவில்: அண்ணாச்சி, ஸ்கேட்போர்டில் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் பனியில் ஓடுமா?

வெறும் மரம் என்றால் பத்தடி ஓடும், பிறகு ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். அடியில் பாலிஎத்திலீன் தகடு ஒட்டி, நீளவாக்கில் பள்ளம் கீறி, மெழுகு தேய்த்தால் ஒழுங்காக வழுக்கும். ஸ்னோஸ்கேட், அதாவது பனியில் ஓட்டும் ஸ்கேட்போர்டு, அதன் எளிய வகை அதுதான். பள்ளம் இல்லாவிட்டால் பலகை பக்கவாட்டில் நழுவும். வள்ளத்துக்கு ஏரா (அடியில் நீளமாக ஓடும் கட்டை) எதற்கோ அதற்குத்தான் பள்ளம். மேலே உப்புத்தாள் மாதிரி கிரிப் டேப் வேண்டாம், பனி அப்பிக்கொள்ளும். நுரை ரப்பர் ஒட்டுங்கள். காலைப் பூட்டும் பட்டை இதில் கிடையாது. ஆகவே பலகைக்கும் காலுக்கும் ஒரு கயிறு கட்டியே ஆக வேண்டும். ஆளை விட்டுவிட்டுத் தனியாகச் சரிவில் இறங்கும் பலகை கீழே நிற்பவனின் முழங்காலைத்தான் தேடிப் போகும்.

மார்த்தாண்டம்: பனிக்கும் ஐஸுக்கும் ஒரே பலகை போதுமா?

போதாது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் ரப்பர் தோட்டத்தில் நிற்கும் மூட்டம். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பனி என்பது காற்று நிறைந்த தூள், எடையைப் பரப்பினால்தான் மிதக்கலாம். ஐஸ் பாறை மாதிரி, அதில் மிதப்புக்கு வேலையே இல்லை, ஓரம் கடிக்க வேண்டும். அகலப் பலகையை ஐஸில் வைத்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் தட்டு போவது போலப் போகும், திரும்பாது. கத்தியைப் பனியில் வைத்தால் புதைந்து நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள்.

பனிக்கு இன்னொரு வகை, இரண்டு தட்டுள்ளது. கீழே சுமார் ஒரு மீட்டர் நீளக் குட்டி ஸ்கீ, மேலே சாதாரணப் பலகை. நடுவில் உயரம் ஏன் என்றால், ஸ்கீ ஒடுக்கம், பலகை அகலம். சாயும்போது கால்விரல் பக்கம் பனியில் இடிக்கக்கூடாது. அந்த உயரமே நெம்புகோலாகவும் வேலை செய்து ஸ்கீயின் இரும்பு ஓரத்தைப் பனிக்குள் அழுத்தும்.

குலசேகரம்: எங்கள் தோட்டத்து ரப்பர் மரத்தில் பலகை செய்யலாமா?

கடினம் போதும். ஆனால் வெட்டிய சில நாளிலேயே நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் மருந்தில் ஊறவைத்து உலர்த்தியதை மட்டும் எடுங்கள். ஒற்றைப் பலகையாக அறுக்க வேண்டாம், பிளந்துவிடும். ஸ்கேட்போர்டுக்கு மேப்பிள் மரத்தை ஏழு மெல்லிய ஏடாக ஒட்டுவார்கள், பெரும்பாலும் ஐந்து நீளவாக்கில், இரண்டு குறுக்கே. அதே முறையில் செய்யுங்கள். ஓரம் முழுக்க எபாக்ஸி பூசுங்கள், திருகு ஓட்டைக்குள்ளும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். ஏட்டுக்குள் புகுந்த துளி ஓர் இரவில் ஆப்பு அடித்த மாதிரி பிளந்து வைக்கும். நம்மூர் வள்ளக்காரருக்குத் தெரியாத சங்கடம் இது.

கன்னியாகுமரி: சக்கரத்தை மட்டும் ரப்பர் சக்கரமாக மாற்றினால் ஐஸில் பிடிக்காதா?

பிடிக்காது.

தோவாளை: சக்கரத்தில் ஆணி அடித்தால்?

உருளும், பிடிக்கும், வழுக்காது. சைக்கிள்காரர்கள் செய்வது அது. உங்களுக்கு வேண்டியது வழுக்கல். கயிறு கட்ட மறக்காதீர்கள்.

கருங்கல்: சக்கரத்துக்குப் பதில் நான்கு கத்தி மாட்டினால் எப்படித் திருப்புவது?

இதுதான் கேள்வி! ஸ்கேட்போர்டின் டிரக்கில், அதாவது பலகைக்கு அடியில் அச்சைத் தாங்கும் சட்டத்தில், பலகையைச் சாய்த்தால் அச்சு திரும்பும். முன் அச்சு ஒரு பக்கம், பின் அச்சு எதிர்ப்பக்கம். கத்தி நேர்க்கோடாக இருந்தால் முழு நீளமும் ஐஸில் படிந்து திரும்ப மறுக்கும். அடியில் தொட்டில் மாதிரி லேசான வளைவு வேண்டும். ஹாக்கி ஸ்கேட்டில் அந்த வளைவின் ஆரம் சுமார் 3 மீட்டர், நேராக விரைவதற்கான ஸ்கேட்டில் 20 மீட்டருக்கும் மேல். நீங்கள் ஹாக்கிப் பக்கமே நில்லுங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், அடியில் நடுவே நீளவாக்கில் குழி. குழி இருந்தால் இரண்டு ஓரமும் தனித்தனியாகக் கடிக்கும்.

கத்தியை அச்சில் சும்மா தொங்கவிடாதீர்கள். மூக்கு கீழே சாய்ந்து குத்தும். இரண்டாவது போல்ட் போட்டுப் பூட்டுங்கள். டிரக்கின் ரப்பர் புஷ்ஷை ஒரு படி மென்மையாக வாங்குங்கள், குளிரில் தானாகவே விறைக்கும். கயிறு பற்றி மேலே சொன்னேன்.

தக்கலை, இயற்பியல் ஆசிரியர்: கத்தியின் அழுத்தத்தால் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரில்தான் வழுக்குகிறது. அதைச் சொல்லாமல் வளைவு, குழி என்கிறீர்களே?

சார், பாடப்புத்தகம் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். கணக்குப் போடுவோம். 70 கிலோ ஆள். ஒவ்வொரு கத்தியும் 3 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் நீளம் தொடுகிறது. நான்குக்கும் 240 சதுர மில்லிமீட்டர். அழுத்தம் சுமார் 28 வளிமண்டலம். உருகுநிலை ஒரு டிகிரி இறங்கவே ஏறக்குறைய 135 வளிமண்டலம் வேண்டும். ஆக, கிடைப்பது 0.2 டிகிரி. குழியால் தொடும் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் 2 டிகிரிதான். ஹாக்கி மைதான ஐஸ் பொதுவாக மைனஸ் 5க்கும் கீழே இருக்கும். எங்கே உருகும்?

அதே ஆசிரியர்: எடை கட்டிய கம்பி ஐஸ் கட்டிக்குள் இறங்குவதை மாணவர்களுக்கு வருடாவருடம் காட்டுகிறேன். கண்ணால் கண்டது பொய்யா?

பொய்யில்லை. உங்கள் ஐஸ் நம்மூர் வெயிலில் 0 டிகிரியில் நிற்பது. அங்கே ஒரு சொட்டு அழுத்தமும் போதும். அதோடு கம்பி உலோகம், வெளிச்சூட்டை உள்ளே கடத்துகிறது. அதே தடிமனில் தங்கூஸ் (நைலான் தூண்டில் இழை) கட்டிப் பாருங்கள், எவ்வளவு தயங்குகிறது என்று. ஐஸின் மேற்பரப்பே எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் போலத் தளர்ந்திருக்கிறது என்பதை ஃபாரடே 1850இலேயே சொன்னார். ஓடும்போது உராய்வுச் சூடும் சேரும். அழுத்தத்தின் பங்கு கடுகளவு.

திங்கள்நகர்: சார் சொன்னது சரி என்று என் மகனும் சொல்கிறான். அப்புறம், சக்கரத்தைக் கழற்றினால் மட்டும் போதாதா?

மகனை மேலே உள்ள கணக்கைப் போடச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு முதல் பதிலைப் பாருங்கள்.

முட்டம்: கனடாவில் படிக்கும் என் மகள் உறைந்த ஏரியில் ஓட்டலாமா?

நடப்பதற்கே கண்ணாடி போன்ற தெளிந்த ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். வெளுத்த ஐஸ் என்றால் அதற்குப் பாதி வலுதான். அங்குள்ளவர்கள் துளை போட்டு அளந்து சொல்வார்கள், கேட்டுவிட்டு இறங்கட்டும். தனியாக வேண்டவே வேண்டாம். தலைக்கவசம், கயிறு.

தக்கலை ஆசிரியர்: தங்கூஸ் விஷயம் நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை காலை வாருங்கள் சார். ஐஸ் பிளான்டில் ஒரு பார் ஐஸ் சொல்லி வைக்கிறேன். கம்பி உங்களுடையது, தங்கூஸ் என்னுடையது, எடைக்கு இரண்டு செங்கல். அன்றைக்கு நெத்திலி வந்தால் மதியச் சாப்பாடும் இங்கேதான்.

ராஜாக்கமங்கலம்: சக்கரம் கழற்றிய போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது...

சக்கரத்தைத் திரும்ப மாட்டுங்கள் மக்களே, ரோட்டில் ஓட்டுங்கள்.