தண்ணீர்த் துப்பாக்கி யார் மேல்?

கேள்வி: பார்சிலோனாவில் ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் உள்ளூர்க்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்களாமே! காசு கொண்டுவருகிறவர்களை விரட்டுவது நன்றிகெட்டதனம் இல்லையா?

பதில்: அந்தக் காசு யார் பைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நன்றியைப் பற்றிப் பேசலாம். பத்து வருடத்தில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்று சொன்னவர் போராட்டக்காரர் அல்ல, மேயர் ஜாவ்மே கொல்போனி. மாத வாடகைக்குக் குடும்பத்தை வைப்பதைவிட, உருட்டுப் பெட்டியோடு வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விட்டால் வீட்டுக்காரருக்கு லாபம். குடும்பம் எங்கே போகும்? ஊருக்கு வெளியேதான்.

ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் பாடும் சுகமில்லை. கூயல் பூங்கா பக்கம் 116 என்று ஒரு குட்டி பஸ் ஓடுகிறது. மேட்டுத் தெருக்களில் ஏற முடியாத பெரியவர்களுக்கு அதுதான் கால். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பூங்காவுக்கு வந்தவர்கள் அதில் அடைத்துக்கொள்ள, கைத்தடியோடு நிற்கிற பாட்டிக்கு இடமில்லை. கடைசியில் 2024-இல் அந்தத் தடத்தையே மேப்ஸிலிருந்து நீக்க வைத்தார்கள்! சொந்தத் தெரு பஸ்ஸை ஒளித்துவைத்தால்தான் உட்கார முடியும் என்ற நிலை.

வெனிஸ் இன்னும் மோசம். 1951-இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். இன்று 50,000-க்கும் கீழே. ஒரு மருந்துக்கடை ஜன்னலில் மிச்சமிருப்போர் எண்ணிக்கை மின்பலகையில் ஓடுகிறது. அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த வைத்தியம், 2024-இல் சில நாட்களுக்கு 5 யூரோவில் தொடங்கிய நுழைவுக் கட்டணம். சான் மார்க்கோ சதுக்கத்துப் பெரிய கடைகளில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கக்கூட அது பத்தாது. அதுவும் பகலில் வந்து போகிறவர்களுக்குத்தான். இரவு தங்குகிறவர்கள் தங்கும் வரி கட்டுவதால் அவர்களுக்கு விலக்கு. வீடுகள் விடுதியாவது இவர்களுக்காகத்தானே?

சரி, தண்ணீர் அடித்தது நியாயமா? இல்லை. தட்டோடு உட்கார்ந்திருந்தவர் வீட்டை நாள் கணக்கில் விட அனுமதி கொடுத்தவரும் அல்ல, வாடகையை ஏற்றியவரும் அல்ல. துப்பாக்கியை நகர மன்றத்துப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்க மாட்டோம் என்று கொல்போனி அறிவித்திருக்கிறார். நல்ல முடிவுதான். ஆனால் நடுவில் 2027 மே மாதம் நகராட்சித் தேர்தல் வருகிறது. உரிமம் முடிகிற நாளில் அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று அவருக்கே தெரியாது.