குழுவில் எழுபது பேர். கதவைத் தட்டப் போவது யார்?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, வெள்ளம், தீ போன்ற அவசரங்களுக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். எழுபது பேர் இருக்கிறோம். போன மாதம் நடுராத்திரியில் தண்ணீர் ஏறியபோது கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியின் நினைவே விடிந்த பிறகுதான் வந்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி என்ன செய்யலாம்?

பதில்: குழுவைக் கலைக்க வேண்டாம், அறிவிப்புப் பலகையாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இருட்டில், முழங்கால் தண்ணீரில் எத்தனை வீட்டுக்கு உங்களால் நடந்து போய்க் கதவைத் தட்ட முடியும்? எட்டு, மிஞ்சினால் பத்து. அதுதான் உங்கள் உண்மையான அளவு. எழுபது பேரை அப்படிச் சிறு வளையங்களாகப் பிரியுங்கள். வளையத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள்: ஒருவர் பகலில் வீட்டில் இருப்பவர், மற்றவர் இரவில் இருப்பவர்.

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே பகுதியில் நிலம் நடுங்கியபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று அவர்களுக்குத்தானே தெரியும்? அந்த மாதிரி விவரம் உங்களிடமும் ஏராளமாக இருக்கிறது. தலையில் இருப்பதைத் தாளில் இறக்கினால் போதும்.

வீட்டுக்கு ஓர் அட்டை. அந்தப் பாட்டிக்கு இப்படி எழுதலாம்: ‘தரைத்தளம், இடது கோடி. தனியாக இருக்கிறார். காது மந்தம், இரவில் கருவியைக் கழற்றிவிடுவார். கதவைத் தட்டிப் பயனில்லை. படுக்கையறை ஜன்னலில் டார்ச் அடிக்கவும். இன்சுலின் ஃபிரிட்ஜ் கதவில். மாற்றுச் சாவி எதிர்வீட்டில். பார்க்க வேண்டியவர் எதிர்வீட்டுக்காரர். அவர் இல்லாவிட்டால் மாடி வீடு.’

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாராவது பார்த்திருப்பார்கள் என்று எழுபது பேரும் நினைத்ததால்தான் அன்று பாட்டி விடுபட்டுப்போனார். (கரண்ட் போனதும் இன்சுலினைத் தூக்கி எறிந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வகைகள் 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் தாங்கும். உங்கள் மருந்தின் உறையில் போட்டிருப்பதைப் படித்து, அதையும் அட்டையில் எழுதிவையுங்கள்.)

அட்டையைப் பென்சிலால் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அந்த வீட்டாரின் சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அது வளையப் பொறுப்பாளர்கள் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். போட்டோ எடுத்துக் குழுவில் போடவே கூடாது. யார் தனியாக இருக்கிறார், சாவி எங்கே என்பது தவறான கைக்குப் போனால் அதுவே ஆபத்து. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்து தங்கியிருக்கும் பெண்ணும் உங்கள் நடுவில் இருக்கலாம்.

பெண்கள் இதை முன்னின்று செய்வதில் இன்னொரு லாபம் உண்டு. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுக்குள் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். வெளியில் நடமாடிய ஆண்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. பெண்களோ குழந்தைகளோடு வீட்டில் காத்திருந்தார்கள். புகலிடங்களில் மறைவோ சரியான கழிப்பறையோ இல்லாததும் தயக்கத்துக்குக் காரணம். இன்று அங்கே புயல் எச்சரிக்கைத் தன்னார்வலர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள்.

ஆகவே உங்களுக்கு ஒதுக்கப்பட்ட புகலிடத்தை இப்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, போகும் வழியில் வெளிச்சம் உண்டா, பால் கொடுக்க ஒரு மூலை கிடைக்குமா? இல்லையென்றால் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுங்கள். பையில் சானிட்டரி நாப்கினும் ஒரு திரைத்துணியும் இருக்கட்டும். தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கணக்கில் மூன்று நாளுக்கு. டார்ச், விசில் எல்லாம் நீங்கள் அறிந்ததே. சிக்னல் மங்கலாக இருக்கும்போது அழைத்துக்கொண்டே இருக்காமல் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் அது பல நேரம் போய்ச்சேரும்.

ஆண்களை ஒதுக்க வேண்டாம். படியில் ஒருவரைத் தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும். ஆனால் பட்டியல், போன், சமையல், கவனிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். இப்படித்தான் பல குழுக்கள் ஆறே மாதத்தில் படுத்துவிடுகின்றன.

பிறகு ஒருநாள் மாலை எல்லோரும் போனை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு வளையமும் ‘இத்தனை வீடு பார்த்தாயிற்று, இன்ன வீட்டுக்கு உதவி வேண்டும்’ என்று ஓர் இடத்துக்கு வந்து சொல்ல வேண்டும். முதல் தடவை இரண்டு மூன்று வீடாவது விடுபடும். பெரும்பாலும் புதிதாகக் குடிவந்தவர்கள், இல்லையென்றால் பொறுப்பாளர் ஊருக்குப் போயிருந்த வீடுகள். ரப்பரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அந்த அட்டைகளை அன்றிரவே திருத்திவிடுங்கள்.