அமெரிக்க மாணவராகப் பிரான்சில் ஒரு வருடம் படித்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

"பிரெஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்கர்களைக் கண்டாலே ஆகாது என்கிறார்களே, உண்மையா?" என்றும் கேள்வியின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒன்பது மாதம் இருந்தேன். என்னைக் கண்டால் ஆகாது என்று யாரும் நடந்துகொள்ளவில்லை. என்னைத் திருத்தியவர்கள்தான் ஏராளம். ரொட்டிக்கடை அம்மாவில் தொடங்கி பேராசிரியர் வரை, தங்கியிருந்த வீட்டுப் பூனை நீங்கலாக எல்லோரும் திருத்தினார்கள்.

நான் பிறந்தது கடலூர். எட்டு வயதில் அப்பாவின் வேலைக்காக ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்குக் குடிபோனோம். பாஸ்போர்ட் அமெரிக்கா, வீட்டில் தமிழ். கல்லூரியின் மூன்றாம் வருடத்தை, 2018 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, தூர் என்ற ஊரில் படித்தேன். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அந்த ரயில்கள் பெரும்பாலும் ஊருக்குள் வராது. பக்கத்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து ஐந்து நிமிடம் போக வேண்டும். இது தெரியாமல் நான் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர் இருக்கைப் பெரியவர்தான் "தூருக்கா? இறங்குங்கள், இறங்குங்கள்" என்று விரட்டினார். முதல் திருத்தம் அது.

நான் ஏதோ புதுசாகச் செய்யப் போகிறேன் என்ற நினைப்பில் போனவள். அமெரிக்கக் கல்லூரிகள் நூறு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கின்றன. 1923லேயே டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பியிருக்கிறது. பிற்பாடு கென்னடியை மணந்த ஜாக்குலின் 1949ல் இதேபோல் ஒரு வருடம் பாரிஸில் படித்தவர். தூரிலும் லுவார் நதியின் மேல் இருக்கும் பழைய கல்பாலத்துக்கு வில்சன் பாலம் என்று பெயர். முதல் உலகப் போர்க் கால அமெரிக்க அதிபர் வில்சன்தான். தினமும் டிராமில் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போவேன்.

சரி, அன்றாடம். முதல் பாடம் போன்ஜூர், அதாவது வணக்கம். ரொட்டிக்கடைக்குள் போய், அமெரிக்கப் பழக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஒரு பகெத் கொடுங்கள்" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்து "போன்ஜூர்" என்றார். நான் மறுபடி "ஒரு பகெத்" என்றேன். அவர் மறுபடி "போன்ஜூர்", இம்முறை கொஞ்சம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. அப்புறம்தான் உறைத்தது. சொல்லாமல் நேரே கேட்டால் அங்கே அது வாசலில் செருப்போடு உள்ளே நுழைந்த மாதிரி. நான் உஷாராகிவிட்டேன், யாரைப் பார்த்தாலும் போன்ஜூர். அதிலும் தப்பு வந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை போன்ஜூர் சொன்னால், காலையில் பார்த்ததை மறந்துவிட்டாய் என்று அர்த்தமாம். என் வகுப்புத் தோழி ஒருத்தி உண்மையிலேயே முகம் சுருங்கிப்போனாள்.

அமெரிக்க நண்பர்கள் எல்லோரும் 'த்யு', 'வூ' இரண்டையும் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். நமக்கென்ன, நீ, நீங்கள் என்று பிறந்ததிலிருந்து பழகியதுதானே என்று நான் மிதப்பில் இருந்தேன். மூன்றாவது வாரம் அது இறங்கியது. நான் தங்கியிருந்தது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் வீட்டு மாடியறையில். வயது 68. நான் அவரை 'மதாம்' என்றுதான் அழைப்பேன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "இனி எனக்கு த்யு போட்டே பேசு, நாம் ஒரே வீட்டில் இருக்கிறோம்" என்றார். பாட்டி வயசு. அவரிடம் போய் "நீ காபி குடிச்சியா?" என்று எப்படிக் கேட்பது? நமக்கு அது வயசுக் கணக்கு. அவர்களுக்கு நெருக்கத்தின் கணக்கு. கடையில் என்னைவிடச் சின்னப் பெண் வேலை செய்தாலும் அவளுக்கு வூ போட வேண்டும். மதாமுக்கு த்யு போட எனக்கு ஜனவரி ஆனது. அதுவரைக்கும் முன்னிலையே வராதபடி வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். "காபி வேண்டுமோ?" என்பது மாதிரி. அவர் கவனித்துவிட்டார், ஆனால் இதை மட்டும் திருத்தவில்லை.

'மாடியறை' என்றேனே, அதிலும் ஒரு கதை. பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு முதல் மாடியில் என்று போட்டிருந்தது. நான் தரைத்தளத்தில் தேடிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அமெரிக்காவில் முதல் மாடி என்றால் தரைத்தளம். கடலூர்க் குழந்தையாக இருந்திருந்தால் நேராகப் படியேறியிருப்பேன். பன்னிரண்டு வருட ஒஹாயோ அதை அழித்திருக்கிறது. கொலம்பஸில் எல்லோருக்கும் நான் இந்தியப் பெண். தூரில் துறை முழுக்க 'அந்த அமெரிக்கப் பெண்'. டிராமில் யார் கண்ணில் பட்டாலும் சிரித்தேன், கூட வந்த தோழி "உனக்கு அவரைத் தெரியுமா?" என்றாள். நான் பேசினால் பாதி டிராம் திரும்பிப் பார்த்தது. நாங்கள் நான்கு அமெரிக்கர்கள் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்றாள் அவள். அவ்வளவு சத்தம்.

படிப்பு விஷயத்தில்தான் நிஜமான அடி. என் ஒஹாயோ கல்லூரியில் பதிவு, பாடத்திட்டம், பரீட்சைத் தேதி எல்லாம் கணினியில் வந்துவிடும். இங்கே துறை அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் பலகை, அதில் குண்டூசி குத்திய காகிதம். வகுப்பு ரத்தானால் அறைக் கதவில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். விரிவுரைக்கு இருநூறு பேர், ஆசிரியர் பேசிக்கொண்டே போவார், பிள்ளைகள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டே இருப்பார்கள், வண்ண வண்ணப் பேனாவும் ஸ்கேலும் வைத்து. நான் கை தூக்கிக் கேள்வி கேட்டேன். மொத்த அரங்கமும் திரும்பியது. அப்புறம் கேட்கவில்லை.

முதல் கட்டுரைக்கு 20க்கு 7. 'திசெர்த்தாசியோன்' என்ற அந்தக் கட்டுரை வடிவம் ஒரு தனி வித்தை. அமெரிக்காவில் முதல் பத்தியிலேயே "என் கருத்து இது" என்று போட்டு உடைத்துவிட்டு, அப்புறம் ஆதாரம் அடுக்க வேண்டும். இங்கே உன் கருத்தை யார் கேட்டது? முதலில் கேள்விக்குள் இருக்கும் சிக்கலைத் தோண்டி எடுக்க வேண்டும். பிறகு மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் உட்பகுதி, இந்த வரிசையில் போகப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிப்பு. ஒரு பக்கம் பேசி, எதிர்ப்பக்கம் பேசி, இரண்டையும் தாண்டி நிற்க வேண்டும். மதாம் சமையலறை மேசையில் என் தாளை விரித்து, பென்சிலால் ஒரு மணி நேரம் கோடு போட்டுக் காட்டினார். "இது கணக்கு மாதிரிதான். விடையை முதல் வரியில் எழுதுவாயா?" டிசம்பரில் 13 வாங்கினேன். அழப் பார்த்தேன், நூற்றுக்கு 65 என்றால் ஒஹாயோவில் முகம் காட்ட முடியாது. பக்கத்துப் பையனோ கைகொடுத்து "அருமை" என்றான். 10 எடுத்தால் தேர்ச்சி, 14 என்றால் நன்று, 16 என்றால் மிக நன்று. 20 கடவுளுக்கு, 19 வாத்தியாருக்கு என்று ஒரு சொலவடையே வைத்திருக்கிறார்கள்.

காசு. இதில்தான் எரிச்சல். பரிமாற்றத் திட்டத்தில் போனதால் என் அப்பா ஒஹாயோ கல்லூரிக் கட்டணத்தையே கட்டினார். என் பக்கத்து இருக்கைக்காரன் இளங்கலைக்கு அந்த முழு வருடத்துக்கும் கட்டிய கட்டணம் 170 யூரோ. என் கட்டணத்தை அவனிடம் சொன்னபோது நான் ஆங்கில எண்ணைத் தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்தான். அந்த நவம்பரில்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு இளங்கலைக் கட்டணத்தை 2,770 யூரோவாக உயர்த்தப் போவதாக அரசு அறிவித்தது. சுவரெல்லாம் எதிர்ப்புச் சுவரொட்டி. அதே மாதம் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டைப் போராட்டமும் தொடங்கி, சனிக்கிழமைகளில் ரவுண்டானாக்கள் அடைபட்டன. போராட்டம் என்றால் அங்கே வானிலை மாதிரி, காலையில் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வங்கிக் கணக்குக்கு மூன்று வாரம் அலைந்தேன். கணக்கு எண் இல்லாமல் போன் இணைப்புகூட ஒழுங்காக எடுக்க முடியவில்லை. ஒரு வங்கியில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அந்த அலுவலர் பெருமூச்சு விட்டார். வரி ஏய்ப்பைப் பிடிக்க 2010ல் அமெரிக்கா போட்ட ஃபாட்கா சட்டத்தால், வெளிநாட்டு வங்கிகளில் இருக்கும் அமெரிக்கக் குடிமக்களின் கணக்கு விவரம் அமெரிக்க வரித்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். இருநூறு யூரோ வைத்திருக்கும் மாணவிக்காக அந்தத் தலைவலி எதற்கு என்று அவர்களுக்கு. இரண்டாவது வங்கி கூடுதலாக ஒரு படிவம் வாங்கிக்கொண்டு திறந்து கொடுத்தது. அமெரிக்கக் குடிமகன் என்றால் இதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக டாக்டர். அக்டோபரில் காய்ச்சல், காதுவலி. அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு டாக்டர் என்றதும் முதலில் வருவது வலி அல்ல, பில் பற்றிய பயம். மதாம் சொன்ன முகவரியில் சாதாரண வீட்டுக் கதவு. டாக்டரே வந்து கதவைத் திறந்து கைகுலுக்கினார். வரவேற்பாளர் இல்லை, நர்ஸ் இல்லை, பதினோரு பக்கப் படிவம் இல்லை. பார்த்து, எழுதிக் கொடுத்து, கடைசியில் அவரே மேசை டிராயரைத் திறந்து 25 யூரோ வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஒரு சைபரை விட்டுட்டியாம்மா?" என்றார்.

சின்னதாக ஒன்று. மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கு ஊதும், வெறும் சோதனைதான். கொலம்பஸிலும் சூறாவளிச் சங்கை புதன் நண்பகலில்தான் சோதிப்பார்கள் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூட இருந்த கலிபோர்னியாப் பையன் மேசைக்கடியில் போய்விட்டான்.

சாப்பாடு பற்றி நிறைய எழுதலாம், மதாம் வீட்டு மேசையோடு நிறுத்துகிறேன். இரவு எட்டு மணிக்கு முன் சாப்பாடு கிடையாது. ரொட்டியைத் தட்டில் வைக்கக் கூடாது, தட்டுக்குப் பக்கத்தில் துணிமேல். கீரை சாலட் முக்கிய உணவுக்கு அப்புறம், அதற்கப்புறம் சீஸ், அதற்கும் அப்புறம் இனிப்பு. முக்கோண பிரீ சீஸின் கூர்முனையை நான் வெட்டியெடுத்தபோது மதாம் அலறியேவிட்டார். அந்த முனைதான் ருசி, அதை ஒருவரே எடுப்பது அநாகரிகம். எல்லோருக்கும் கொஞ்சம் போகும்படி நீளவாக்கில் வெட்ட வேண்டும். இன்னொரு நாள் அந்த ஊர் ஆட்டுப்பால் சீஸ், ஸேன்த்-மோர். சாம்பல் பூசிய உருளை, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு. குப்பை என்று நினைத்து உருவி ஓரமாக வைத்தேன். அவர் அதைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கடியில் பிடித்துக் காட்டினார். தண்டின்மேல் சீஸின் பெயரும் தயாரித்தவரின் அடையாளமும் பொறித்திருந்தது.

அதே இரவுதான் நான் பிறந்த ஊரைக் கேட்டார். பாண்டிச்சேரிக்குப் பக்கம் என்றேன். "போந்திஷெரியா!" என்று எழுந்தே விட்டார். விஷயம் என்னவென்றால், பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரியா அப்போதெல்லாம் பாண்டிச்சேரியில் ஏப்ரலிலேயே நடந்துவிடும், பிரான்சில் ஜூனில். அதனால் அந்த வினாத்தாளை வைத்துத்தான் பிரான்ஸ் முழுக்கப் பிள்ளைகள் பயிற்சி எடுப்பார்கள். மதாமுக்கு எங்கள் பக்கத்து ஊர் முப்பது வருடக் கணக்குத்தாள். கடல் இருப்பது அவருக்குத் தெரியாது.

நவம்பர் 22, தேங்க்ஸ்கிவிங். அமெரிக்காவில் குடும்பமெல்லாம் கூடி வான்கோழி விருந்து சாப்பிடும் விடுமுறை நாள். அங்கே அது சாதாரண வியாழன், ஆறு மணிவரை வகுப்பு. மதாம் இரண்டு தோழிகளை அழைத்து, "அமெரிக்க விருந்து" என்று சொல்லிவிட்டார். சந்தைக் கறிக்கடையில் முழு வான்கோழி கிறிஸ்துமஸுக்குத்தான், அதுவும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன். "நாம என்னிக்குடி வான்கோழி செஞ்சோம்?" என்றாள். உண்மைதான். கொலம்பஸில் மூன்று மாநிலத்துச் சித்தப்பா பெரியப்பா குடும்பமெல்லாம் கூடினால் பிரியாணிதான். சூப்பர்மார்க்கெட்டில் வான்கோழித் தொடை கிடைத்தது. மொராக்கோக்காரர் கடையில் கொத்தமல்லி, புதினா. அம்மா போனில் இருந்தபடியே தம் போட்டேன்.

தயிர்ப்பச்சடியை ஒரு தோழி முதல் பதார்த்தம் என்று நினைத்து ஸ்பூனால் முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டார். பிரியாணி வந்தது. இரண்டாம் வாயில் அவருக்குக் கண் கலங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, அமெரிக்கர்கள் இவ்வளவு காரமா சாப்பிடுவார்கள் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதாம் சொன்னார்: "போந்திஷெரிப் பக்கத்து அமெரிக்கர்கள் இப்படித்தான்." சொல்லிவிட்டு, சீஸ் எடுத்துவர உள்ளே போனார்.